அடி பட்டிருக்கிறதா?

விபத்தில் விழுந்துவிட்டு, போலீசைக் கூப்பிட 100-க்குப் போன் செய்து, நான் சொன்ன இரண்டாவது வாக்கியத்திலேயே காரியத்தைக் கெடுத்துக்கொண்டேன்.

"அடி பட்டிருக்கிறதா சார்?" என்று கேட்டது ஒரு பெண் குரல். குனிந்து காலைப் பார்த்தேன். வேட்டியில் கிரீஸ் கறை. முழங்காலுக்குக் கீழே தோல் கொஞ்சம் வழண்டிருந்தது. "பெரிய அடி ஒன்றும் இல்லை அம்மா" என்றேன்.

"வண்டிகள் ரோட்டை மறித்துக்கொண்டு நிற்கின்றனவா?"

"இல்லை, ஓரம் கட்டிவிட்டோம்."

"சரி சார், ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லிவிடுகிறோம்."

தகவல் போயிருக்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் ஒரு மணி பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தும் யாரும் வரவில்லை. மூன்று டீ குடித்தேன். மூன்றாவது டீக்குக் கடைக்காரர் காசு வாங்க மறுத்துவிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் விழுப்புரம் மாவட்டத்தில் முப்பது வருடமாக வக்கீல் குமாஸ்தா. என் சீனியர் வக்கீலிடம் வருகிற வழக்குக் கட்டுகளில் பாதிக்கு மேல் மோட்டார் விபத்து இழப்பீட்டு மனுக்கள். எங்கள் பாஷையில் எம்.சி.ஓ.பி. எந்த விபத்துக்குப் போலீஸ் உடனே வரும், எதற்கு மறுநாள் வரும், எதற்கு வரவே வராது என்று கோர்ட் வாசலில் ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்தவன். என் முறை வந்தபோது, அவர்கள் வரத் தேவையில்லை என்பதற்கான இரண்டு காரணங்களையும் என் வாயாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

நடந்தது 2022 ஆடி அமாவாசை அன்று மாலை. டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் போன பால் வேன் சைகை எதுவும் காட்டாமல் இடது பக்கம் ஒடித்தது. வேனின் பின் மூலை என் ஹேண்டில்பாரைத் தட்ட, வண்டி என் வலது காலின் மேல் சாய்ந்தது. ஓட்டி வந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருந்தால் அதிகம். ஓடி வந்து தூக்கிவிட்டான். தண்ணீர் கொடுத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "அண்ணே, போலீஸ் எல்லாம் வேண்டாம். செலவு என்னவோ நான் கொடுத்துவிடுகிறேன். முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும்." சட்டைப் பையில் இருந்த ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் இரண்டையும் நீட்டினான். நான் வாங்கவில்லை. வண்டி எண்ணை மட்டும் குறித்துக்கொண்டேன். முப்பது வருடப் பழக்கம், கை தானாகச் செய்தது. அரை மணி நேரம் என்னோடு காத்திருந்துவிட்டு, பால் கெட்டுவிடும் என்று சொல்லிப் போய்விட்டான். அவன் சொன்னது பொய்யும் அல்ல.

அன்று ஆடி அமாவாசை என்பதை நான் மறந்திருக்கக் கூடாது. அமாவாசைதோறும் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் ஊஞ்சல் உற்சவம். அதிலும் ஆடி மாதத்துக் கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம். மாவட்டத்துக் காக்கிச் சட்டையில் கணிசமான பங்கு அங்கே பந்தோபஸ்தில் நிற்கும். கார்த்திகை தீபம் என்றால் திருவண்ணாமலைக்குப் போய்விடுவார்கள், கூவாகம் திருவிழா என்றால் அந்தப் பக்கம். மிச்சம் இருப்பவர்களில் ஒருவர் பாராவில் நிற்க வேண்டும், ஒருவர் கோர்ட்டுக்குப் போயிருப்பார், ஒருவர் சம்மன் கொடுக்க. 'பெரிய அடி ஒன்றும் இல்லை' என்ற தகவலுக்கு ஜீப்பை எடுக்க ஆள் ஏது?

ஓய்வுபெற்ற ஏட்டு ஒருவர் எனக்கு நெடுநாள் பழக்கம். ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கிற ரைட்டராகவே பாதி சர்வீஸை ஓட்டியவர். அவரிடம் ஒருமுறை கேட்டிருக்கிறேன்: "போன் வந்ததும் போவதா வேண்டாமா என்று எதை வைத்து முடிவு செய்வீர்கள்?" அவர் வெற்றிலையை மடித்தபடியே சொன்னார்: "பிணம் இருந்தால் போயே ஆக வேண்டும். பிரேத விசாரணை இல்லாமல் போஸ்ட்மார்ட்டம் நடக்காது. ரோடு அடைத்தாலும் போயாக வேண்டும். பத்து நிமிடத்தில் மேலிடத்திலிருந்து வயர்லெஸ் மைக்கில் கேள்வி வந்துவிடும். மற்றதெல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்து தாள் வரட்டும் என்று இருப்போம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "போய் நின்றால் வேலை அதோடு முடிவதில்லை, குமாஸ்தா" என்றார். இடத்தைப் பார்வையிட்டதற்கு மகஜர் எழுத வேண்டும், இடத்தின் வரைபடமாக ரஃப் ஸ்கெட்ச் போட வேண்டும், வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்டி அறிக்கை வாங்க வேண்டும். காயச் சான்றிதழுக்கு டாக்டர் பின்னால் நடக்க வேண்டும், சாட்சியைப் பிடித்து வைக்க வேண்டும், இரண்டு வருடம் கழித்துக் கோர்ட்டில் கூண்டேற வேண்டும். இரண்டு தரப்பும் கை குலுக்கிக்கொண்டு போய்விட்டால் இத்தனையும் மிச்சம்.

சட்டம் என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவின்படி, ஓட்டுநர் காயம்பட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்ய வேண்டும். விபத்தை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும். வாரண்ட் இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் என்று தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே தீர வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-ல் சொல்லிவிட்டது. நடைமுறையில், காயம் என்று ஒன்று காகிதத்தில் ஏறும்வரை, நெளிந்த பம்பரும் உடைந்த இண்டிகேட்டரும் இரண்டு வண்டிக்காரர்களின் சொந்த விவகாரம். சிறு சேதத்துக்குத் தன் வண்டிக் காப்பீட்டில் பணம் வாங்க, பெரும்பாலும் எஃப்.ஐ.ஆர். தேவைப்படுவதும் இல்லை. சர்வேயர் வந்து படம் எடுத்தால் போதும். ஆக, போலீசை அழைக்கிற அவசியமும் யாருக்கும் இல்லை.

அழைக்காமல் இருக்கிற அவசியம்தான் பலருக்கு இருக்கிறது. ஓட்டியவனிடம் லைசென்ஸ் இருக்காது. இன்ஷூரன்ஸ் போன மாதமே முடிந்திருக்கும். வாயைத் திறந்தால் வாடை வரும். சில நேரம் காயம்பட்டவனே போலீஸ் வேண்டாம் என்பான், ஏனென்றால் வண்டி மாமனாருடையது. ஒரு கட்டு இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. கரும்பு வெட்டுகிற பெண் ஒருத்தி, தங்கை புருஷன் ஓட்டிய பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனாள். இருட்டில், பின்விளக்கு இல்லாமல் கரும்பு ஏற்றிப் போன டிராக்டர் ட்ரெய்லரில் மோதிவிட்டார்கள். எங்கள் பக்கத்து அரவைப் பருவத்தில் இது புதிதல்ல. அவளுக்குத் தோள்பட்டை எலும்பு நொறுங்கியது. தங்கை புருஷனிடம் லைசென்ஸ் இல்லை. பயந்துபோய் டாக்டரிடம், "மாடு குறுக்கே வந்தது, தானாக விழுந்துவிட்டோம்" என்று சொல்லிவிட்டான். ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறியது. தானாக விழுந்தால் எதிரி, அதாவது குற்றம் சாட்ட ஆள், கிடையாது. எதிரி இல்லையென்றால் போலீசுக்கு அங்கே என்ன வேலை? நாலு மாதம் கழித்து அவள் எங்களிடம் வந்தபோது, அந்தப் பதிவேட்டின் நகலை, ஏ.ஆர். காப்பி என்கிற அந்த ஒற்றைத் தாளை, சீனியர் விளக்குக்கு நேராகப் பிடித்துப் படித்துவிட்டு என்னிடம் திருப்பிக் கொடுத்தார். மனு போட்டோம், தள்ளுபடி ஆனது. அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

இறந்தவர் இருக்கிற விபத்து வேறு உலகம். அதிலும்கூட வருகிற வேகம் ஒரே மாதிரி இருப்பதில்லை. புறவழிச்சாலையில் வழிப்போக்கர் ஒருவர் அடிபட்டுக் கிடந்தால் ஒரு வேகம். ஊர்க்காரர் ஒருவர் இறந்து, சொந்த பந்தமெல்லாம் திரண்டு பஸ்ஸை நிறுத்திச் சாலையில் உட்கார்ந்துவிட்டால் இன்னொரு வேகம். மறியல் என்றால் எஸ்.ஐ. வந்தால் போதாது, டி.எஸ்.பி. வர வேண்டும். வேகத்தடை போடுவதாக வாக்குக் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்துக் கிராமத்து ஜனங்களுக்கு இந்தக் கணக்கு யாரும் சொல்லித் தராமலே தெரியும். மறியலை நான் ஆதரித்தும் பேசவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. அந்த நேரத்தில் அவர்களுக்குத் தெரிந்த போன் நம்பர் அது.

பிறகு எல்லைத் தகராறு. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள். வளவனூர் தமிழ்நாடு. மதகடிப்பட்டும் திருபுவனையும் புதுச்சேரி. கண்டமங்கலம் வந்ததும் மறுபடி தமிழ்நாடு. அரியூரில் மறுபடி புதுச்சேரி. நாற்பது கிலோமீட்டர்கூட இல்லாத ரோட்டில் மாநிலம் மூன்று முறை மாறுகிறது. சாராயக் கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்து மாநிலத்தைக் கண்டுபிடிப்பவர்களும் உண்டு. மாநில எல்லையோ, இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடைப்பட்ட எல்லையோ, கோட்டின் மேல் நடந்த விபத்து என்றால் முதல் அரை மணி நேரம் இடத்தைத் தீர்மானிப்பதிலேயே போகும். ஒரு வழக்கில் டயர் தேய்ந்த தடம் ஓர் எல்லையில், பைக் விழுந்து கிடந்தது அடுத்த எல்லையில். மைல்கல்லுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று இரண்டு தரப்பும் அளந்துகொண்டிருக்க, அடிபட்டவரை 108 எப்போதோ ஏற்றிக்கொண்டு போய்விட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. எழுத்தில் வந்தது நல்லதுதான். மைல்கல்லை அளக்கிற பழக்கம் போகக் கொஞ்ச நாள் ஆகும்.

108 என்றதும் ஒன்று தோன்றுகிறது. தமிழ்நாட்டில் அந்தச் சேவை வந்தது 2008 செப்டம்பரில். அதற்கு முன்பு நான் சேர்ந்த புதிதில், ரோட்டில் கிடப்பவரைத் தொட ஜனங்கள் பயப்படுவார்கள். போலீஸ் வரட்டும் என்று கூட்டம் வட்டமாக நிற்கும். முதலில் சிகிச்சை, சட்டச் சடங்குகள் பிறகு என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லியிருந்தும் அந்தப் பயம் போகவில்லை. தூக்கி வந்தவரைப் பெயர், முகவரி கேட்டு அலைக்கழிக்கக் கூடாது என்ற நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016-ல் கட்டாயத் தன்மை கொடுத்தது. 2019 திருத்தத்தில் 134ஏ என்று மோட்டார் வாகனச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். இன்று ஆம்புலன்ஸ் வந்து ஆளை எடுத்துப் போய்விடுகிறது. சுங்கச்சாவடிச் சாலை என்றால் கிரேன் வந்து வண்டிகளை ஓரம் தள்ளிவிடுகிறது. உயிர் பிழைக்கிறது, போக்குவரத்து சீராகிறது. குறை சொல்ல முடியாது. ஆனால் போலீஸ் வந்து பார்க்க அந்த இடத்தில் கண்ணாடித் தூளும் கொஞ்சம் மணலும்தான் மிஞ்சும். அதனால் அவர்களும் நேரே ஆஸ்பத்திரிக்கே போய்விடுகிறார்கள்.

என் விஷயத்திலும் அதுதான் நடந்தது. அன்று இரவு கால் வீங்க ஆரம்பித்தது. என் மனைவி நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுத்தாள். விடியற்காலையில் காலை ஊன்ற முடியவில்லை. அரசு மருத்துவமனைக்குப் போனோம். பணியில் இருந்த இளம் டாக்டர் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "எப்படி ஆனது?" என்றார். இந்த முறை நான் வாயை யோசித்துத் திறந்தேன். இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன இடம், இன்ன எண்ணுள்ள பால் வேன். அவர் எழுதுகிற தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணில் ஏழை ஒன்று என்று எழுதிவிட்டார், திருத்தச் சொன்னேன். எக்ஸ்ரேயில் கெண்டைக்கால் பக்கத்துச் சிறிய எலும்பில் விரிசல். மருத்துவமனைப் போலீஸ் அவுட்போஸ்டிலிருந்து ஸ்டேஷனுக்குத் தாள் போயிற்று. சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு சிறப்பு எஸ்.ஐ., கையில் பேடும் கார்பன் தாளுமாகக் கட்டில் அருகே வந்து நின்றார். டீக்கடைக்கு வராத போலீஸ் வார்டுக்கு வந்துவிட்டது.

"என்ன குமாஸ்தா சார், உங்களுக்கேவா?" என்றார். நல்ல மனிதர். முந்தைய நாள் முழுக்க மேல்மலையனூரில் நின்றுவிட்டு வந்திருந்தார்; கண் சிவந்திருந்தது.

மறுநாள் அவர் இடத்தைப் போய்ப் பார்த்து ரஃப் ஸ்கெட்ச் போட்டார். பிறகு நகல் வாங்கிப் பார்த்தேன். ஒரு புளியமரம், டீக்கடை, தார்ச்சாலை, நடுவில் விபத்து நடந்த இடத்துக்கு ஒரு பெருக்கல் குறி. வேனும் இல்லை, என் எக்ஸ்.எல்.லும் இல்லை, ஒரு தடமும் இல்லை. பெருக்கல் குறி உண்மையான இடத்திலிருந்து இருபதடி தள்ளி இருந்தது. முப்பது வருடமாக நான் கட்டுகளில் கோத்து வைத்த ஸ்கெட்சுகளில் எத்தனை பெருக்கல் குறிகள் இப்படித் தள்ளி விழுந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் நினைத்துப் பார்த்தேன். இப்போது செயலியில், இடத்தில் நின்று படம் எடுத்து, இருப்பிடத்தோடு ஏற்ற வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய விபத்துத் தரவுத்தளம் அது. 2022 ஏப்ரலில் வந்த விதிகளின்படி, தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கை இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். அதனால் முன்பைவிட இடத்தைப் போய்ப் பார்க்கிறார்கள் என்பது என் அனுபவம். எத்தனை மணி நேரம் கழித்துப் பார்க்கிறார்கள் என்பது வேறு கேள்வி.

மத்திய அரசு வெளியிட்ட 2022-ம் வருடக் கணக்கைப் பிறகு பார்த்தேன். சாலை விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம்: 64,105. உத்தரப் பிரதேசத்தில் 41,746 தான். ஆனால் இறந்தவர்கள் அங்கே 22,595, இங்கே 17,884. அங்கே நூறு விபத்துக்கு 54 சாவு, இங்கே 28. நம் ஆம்புலன்சும் ஆஸ்பத்திரியும் மேல் என்பது ஒரு காரணமாக இருக்கும். குமாஸ்தாவாகிய எனக்குத் தோன்றுவது இன்னொன்று: இங்கே கால் விரிசல்கூடக் காகிதத்தில் ஏறிவிடுகிறது. ஏ.ஆர். தாள், இழப்பீட்டு மனு, எங்களைப் போன்ற ஆட்கள் என்று எல்லாருமாகச் சேர்ந்து போலீசை ஆஸ்பத்திரிக் கட்டில்வரையாவது இழுத்து வந்துவிடுகிறோம். அடி படாமலே மனு போட வைக்கிற ஆட்களும் எங்கள் தொழிலில் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. செய்தித்தாள்கள் 'விபத்தில் தமிழகம் முதலிடம்' என்று தலைப்புப் போடும்போதெல்லாம், அந்தக் கணக்கில் விடுபட்டுப்போன அந்தக் கரும்பு வெட்டும் பெண்தான் எனக்கு நினைவுக்கு வருகிறாள்.

சிறப்பு எஸ்.ஐ. என் வாக்குமூலத்தை எழுதி முடித்ததும் படித்துக் காட்டினார். எஃப்.ஐ.ஆரில், தகவல் தாமதமாகக் கிடைத்ததற்குக் காரணம் கேட்டு ஒரு கட்டம் இருக்கும். 'காயம்பட்டவர் மறுநாள் சிகிச்சைக்கு வந்ததால்' என்று போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். நான் அன்று மாலையே 100-க்குப் பேசியிருந்தேன். தேதியும் நேரமும் என் போனில் அப்படியே இருந்தன. சொல்லியிருக்கலாம். சொன்னால் தாமதம் என் மேல் வராது. ஆனால் அந்த அழைப்பு அங்கே பதிவாகியிருக்கும். அதில் 'பெரிய அடி ஒன்றும் இல்லை அம்மா' என்ற என் குரலும் இருக்கும். இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீலுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

"போட்டுக்கொள்ளுங்கள் சார்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

முதலில் இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, 337 (அஜாக்கிரதையாக ஓட்டியது, காயம்) என்று பதிவான வழக்கு, எக்ஸ்ரே அறிக்கை போனதும் 338 (கொடுங்காயம்) ஆக மாறியது. வேன் பையனுக்கு வேலை போகவில்லை என்று கேள்விப்பட்டேன், நிம்மதி. இழப்பீட்டு மனு வாய்தா வாங்கிக்கொண்டே இருக்கிறது. அடுத்த மாதம் எனக்குக் குறுக்கு விசாரணை. நேற்று சீனியர் என்னைக் கூப்பிட்டு, "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல், நீயாக எதையும் சொல்லாதே" என்றார். கூண்டேறப் போகிற கட்சிக்காரர்களிடம் வராந்தாவில் நிறுத்தி நான் சொல்லி அனுப்புகிற அதே வார்த்தைகள்.